நரிக்கு எந்த ரவை

துவக்குக் கடைக்குள் கால் வைத்ததும் சவிரிமுத்தர் இரண்டு கைகளையும் ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டார். வெளியே செப்டெம்பர் மாத வெயில், குளிர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கையை வெளியே விட்டால் அது தன்பாட்டில் எதையாவது தூக்கிவிடும் என்ற பயம். கையும் நாய் மாதிரித்தான். பழகின இடத்தை மறக்காது.

மகன் ஜோர்ஜ் முன்னால் போனான். முப்பத்துநாலு வயது, மின்சார வேலை, ஒஸ்லோவில் ரொம்மன் பக்கம் தனியாக இருக்கிறான். வேட்டைக்காரருக்கான பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி மூன்று கிழமை ஆகிறது. அவனோடு வேலை செய்யும் ஓட்வார் என்ற வெள்ளைக்காரனின் பெரியப்பனுக்கு ஒஸ்லோவுக்கு வெளியே, ஏனெபாக் பக்கம், ஆட்டுப்பண்ணை. அங்கே நரி கூடிப்போய்விட்டதாம், குட்டிகளைத் தூக்குகிறதாம். வந்து சுடு என்று கூப்பிட்டிருக்கிறான்.

"துவக்கு எடுக்கப் போறன் அப்பா. நீங்களும் வாங்கோவன்" என்று ஜோர்ஜ் கேட்டபோது சவிரிமுத்தர் மாட்டேன் என்றுதான் சொல்ல இருந்தார். வாய் வரவில்லை. பெண்சாதி யோசெப்பின் செத்து இரண்டு வருஷம். அவள் இருந்த காலத்தில் தகப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வார், மகன் தகப்பனிடம் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்பான். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். "சாப்பிட்டியளோ?" "ஓம். நீ?" "ஓம்." அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிள்ளை வாய் திறந்து வாங்கோ என்று கேட்டால் எந்த முகத்தோடு மறுப்பது.

ஆனால் சவிரிமுத்தருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அது இன்றைக்கு நேற்றையச் சங்கடமில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஒஸ்லோவில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் அகதி விசாரணைக்கு அவரை ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால் இருத்தினார்கள். அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரன் சொல்லித்தான் விட்டிருந்தான்: "துவக்கைத் தொட்டனான் எண்டு வாய் தவறினியோ, அடுத்த பிளேனிலை கொழும்பு." பொலிஸ்காரன் கேட்டான், ஆயுதம் தூக்கியிருக்கிறாயா என்று. "இல்லை ஐயா. நான் கடல்தொழில். வலையைத் தவிர ஒண்டையும் தொட்டதில்லை." அவன் எழுதினான். இவர் கையெழுத்து வைத்தார்.

உண்மை என்னவென்றால், சவிரிமுத்தர் இரண்டு வருஷம் ஒரு சின்ன இயக்கத்தில் இருந்தவர். அதன் பெயரைச் சொன்னால் இன்றைக்கு ஊர்க் கிழடுகளுக்கே நினைவு வராது. இருபது பேருக்கு நாலு துவக்கு. குறி பார்த்துச் சுட வேண்டுமென்றால் இவர் கையில்தான் கொடுப்பார்கள். நோர்வேயின் வடக்கில் மீன் பக்டரியில் பத்து வருஷம், ஒஸ்லோவில் ட்ராம் கழுவி இருபத்திரண்டு வருஷம், பிறகு பென்ஷன், ஹொல்ம்லியாவில் இரண்டு அறை வீடு. இவ்வளவு காலத்திலும் யோசெப்பினுக்குக்கூட இது தெரியாது. பெண்சாதியிடமே சொல்லாதவன் வேறு ஆரிடம் சொல்வான்? பொய் சொல்லி எடுத்த குடியுரிமையை எத்தனை வருஷம் கழித்தும் பறிப்பார்கள் என்று கோயில் வாசலில் பூசை முடியக் கதைப்பார்கள். ஆரையும் நம்பாதே என்பது சவிரிமுத்தரின் பதினோராவது கட்டளை.

கடைக்காரன் நரைத்த தாடிக்காரன், அவசரப்படாத ஆள். ஜோர்ஜிடம் மூன்று கேள்வி கேட்டான். எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறாய்? காற்றடிக்கும் வெளியா, மரங்களுக்குள்ளா? தோல் பழுதாகாமல் வேண்டுமா?

"வயல்வெளி" என்றான் ஜோர்ஜ். "நூற்றைம்பது மீற்றர் வரும். தோல் வேண்டும்."

தாடிக்காரன் கண்ணாடி மேசையில் மூன்று ரவைகளை நிமிர்த்தி வைத்தான். முதலாவது, குழந்தையின் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இதன் பெயர் பதினேழு என்றான். நுனியில் இருக்கும் சன்னம் ஒரு கிராம்தான். அடுத்தது இருநூற்று இருபத்திரண்டு, மூன்று கிராமுக்குக் கொஞ்சம் கூட. கடைசி, நடுவிரல் நீளத்தில், ஆறரை. இந்த நாட்டில் பாதிப் பேர் மாடு பருமனில் வரும் பெரிய மானைச் சுடுவது அதாலேதான்.

"சின்னது தோலைக் கெடுக்காது. ஆனால் எண்பது மீற்றருக்கு மேல் நான் அதை நம்பமாட்டேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நடுவில் இருப்பது நரிக்கென்றே செய்த மாதிரி. பெரியதை எடுத்தால், பட்டால் விரியாத முழுக்கவசச் சன்னம் போட்டுத் தோலைக் காப்பாற்றலாம், நாளைக்கு மானும் சுடலாம்."

இப்படிச் சொல்லிக்கொண்டே அவன் சுவரில் இருந்து ஒரு துவக்கை எடுத்துச் சவிரிமுத்தரிடம் நீட்டினான். பாரம் பார்க்கட்டும் என்று மரியாதைக்குக் கொடுத்தது. சவிரிமுத்தரின் வலக்கைப் பெருவிரல் துவக்கின் பூட்டுக் கொண்டியைத் தேடிப் போனது. உள்ளே ரவை கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அது பழக்கம். போன விரலை அவர் திருப்பி இழுத்துக்கொண்டார். துவக்கைத் துடுப்புப் பிடிப்பது மாதிரிக் குறுக்கே பிடித்தார்.

ஜோர்ஜ் சிரித்தான். "வள்ளம் வலிக்கப் போறியளோ அப்பா?"

"எனக்கென்னடா தெரியும் உதுகளைப் பற்றி."

"சும்மா சொல்லுங்கோவன், எதை எடுப்பம்? நான் நடுவிலை இருக்கிறதை எடுப்பம் எண்டு யோசிக்கிறன். உங்கடை கண்ணுக்கு எது சரியாப் படுது?"

சவிரிமுத்தர் மூன்று ரவைகளையும் பார்த்தார். வயல்வெளி, காற்று, நூற்றைம்பது மீற்றர், பழகாத கை. நடுவில் இருப்பதுதான் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. அதற்குக் கீழே போனால் ஒன்று தவறும், இல்லையென்றால் காயப்படும். காயப்பட்டதைப் போல ஒரு கேடு உலகத்தில் இல்லை. தாடிக்காரன் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைக்காரன் சும்மா பார்க்கமாட்டான், எதையோ எடைபோடுகிறான் என்று சவிரிமுத்தருக்குப் பட்டது. ஒன்றும் தெரியாத கிழவன் என்ன சொல்வான்? சின்ன மிருகத்துக்குச் சின்ன ரவை என்றுதானே சொல்வான்.

"நரி என்ன யானையே? சின்னதை எடு. அது காணும்."

ஜோர்ஜ் தாடிக்காரனைப் பார்த்தான், ரவைகளைப் பார்த்தான், பிறகு தகப்பனைப் பார்த்தான். தகப்பன் ஒரு விஷயத்தில் வாய் திறந்து இதைச் செய் என்று சொன்னது அவனுக்கு நினைவில் இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"சரி. அப்பா சொன்னதையே எடுப்பம். கிட்ட வரவிட்டுச் சுட்டால் சரிதானே."

அங்கேயே சொல்லியிருக்கலாம். "நில்லடா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்று நாலு சொல். சவிரிமுத்தர் துவக்கை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

துவக்குக்குப் பொலிஸ் அனுமதி வர வேண்டும். விண்ணப்பத்தில் முன்பெயர் ஜோர்ஜ், குடும்பப் பெயர் சவிரிமுத்து. எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து செய்த கூத்து அது. தகப்பன் பெயரைக் கொண்டுபோய்ப் பரம்பரைப் பெயர் இடத்தில் எழுதிவிட்டோம். மகன் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அங்கே இவரும் போய் நிற்பார். பொலிஸின் கொம்பியூட்டரில் சவிரிமுத்து என்று அடித்தால் ஒஸ்லோ முழுக்க எத்தனை பேர் வரப்போகிறார்கள்? பழைய தாள் தூசி தட்டி மேலே வரும். மூன்று மாதமாக அவர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

டிசெம்பரில் ஜோர்ஜ் போன் பண்ணினான். அனுமதி வந்துவிட்டது, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஒண்டுமே கேக்கேல்லையோ?"

"என்னத்தைக் கேக்கிறது அப்பா? நான் என்ன கள்ளனே?"

விட்டுப் பிடிக்கிறாங்கள் என்று நினைத்துக்கொண்டார் சவிரிமுத்தர்.

பெப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையை விட்டுவிட்டு மகனோடு ஏனெபாக் போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மகன் சந்தோஷமாகக் கூப்பிட்டான், அந்தச் சின்ன ரவை அவர் நெஞ்சிலும் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. வயல் முழுக்கப் பனி, முழங்கால் மட்டும். ஓட்வார் இவர்களைக் களஞ்சியத்தின் பின்பக்கம், வைக்கோல் உருளைகளுக்கு நடுவில் இருத்தினான். எலி கத்துவது மாதிரி ஒரு சின்ன ஊதுகுழல் அவனிடம் இருந்தது.

"அந்தக் கற்குவியல் தெரிகிறதா? எழுபது மீற்றர். அதற்கு வரும்வரை சுடாதே. உன் துவக்குக்கு அதுதான் எல்லை" என்றான். பிறகு சவிரிமுத்தரைப் பார்த்து, "இதைத் தெரிவு செய்தது நீங்களாமே?" என்று சிரித்தான்.

சவிரிமுத்தர் சிரிக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் குளிரில் இருந்தார்கள். மூன்று மணிபோல நரி வந்தது. காட்டோரத்து வேலிக்குள்ளால் நுழைந்து, செம்மஞ்சள் நிறத்தில், வாலைத் தாழ்த்திக்கொண்டு. ஓட்வார் மெல்ல ஊதினான். அது நின்று காது குவித்தது. வலப்பக்கமிருந்து காற்று. பனித்தூள் நிலத்தோடு நிலமாக இழுபட்டுப் போவதைச் சவிரிமுத்தர் பார்த்தார். நூற்று நாற்பது மீற்றர் இருக்கும். சுடாதையடா, சுடாதை என்று மனதுக்குள் சொன்னார். வாய்க்குள் வந்தது, உதட்டைத் தாண்டவில்லை. ஓட்வார் பக்கத்தில் இருந்தான்.

நரி திரும்பப் பார்த்தது. போய்விடப் போகிறது என்று ஜோர்ஜ் பதறினான். சுட்டான். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

நரி சுழன்று தன் வயிற்றைத் தானே கடித்தது. பிறகு பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

"பட்டிட்டுது" என்றான் ஜோர்ஜ். குரலில் சந்தோஷம் இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

வேலியடியில் பனியில் ரத்தம் கிடந்தது. நுரையில்லை, சிவப்பில்லை. கறுத்த ரத்தம், அதற்குள் பச்சையாய்க் கொஞ்சம். ஓட்வார் குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "குடல். உடனே சாகாது. வண்டியில் என் நாய் இருக்கிறது, கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் தடத்தில் மெல்லப் போங்கள், விரட்டாதீர்கள்." அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். போய் வர அரை மணித்தியாலம்.

தகப்பனும் மகனும் தடம் பார்த்துப் போனார்கள். இருநூறு அடி போக, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேரடியில் நரி படுத்திருந்தது. முப்பது மீற்றர் இருக்காது. அது ஓடவில்லை. தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது, திரும்ப வைத்தது. பிறகு ஒரு சத்தம் போட்டது. நாய் ஊளையிடுவது மாதிரி இல்லை. மெல்லிசாய், விட்டு விட்டு.

ஜோர்ஜ் துவக்கைத் தோளில் வைத்தான். குழல் ஆடியது. இறக்கினான். திரும்பவும் வைத்தான். பார்த்தால் அவன் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"ஏலாதப்பா. அது என்னைப் பாக்குது. திரும்பவும் பிழையாப் பட்டால்? ஓட்வார் வரட்டும்."

சவிரிமுத்தருக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, மன்னாரில் ஒரு பற்றைக்காடு. ஆமி சுற்றி வளைத்ததில் மற்றவர்கள் திசைக்கு ஒருவராய் ஓட, பத்மநாதனும் இவரும் மட்டும் ஒன்றாய். பத்மநாதனுக்கு வயது இருபத்தொன்று. வயிற்றில் பட்டிருந்தது. கையால் பொத்திக்கொண்டு படுத்திருந்தான். "மச்சான், ஒரு வெடி போட்டுவிடு" என்றான். இவரிடம் நாலு ரவை இருந்தது. போட்டால் சத்தத்துக்கு ஆமி வரும், தானும் சாக வேண்டும். "பொறடா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஊர்ந்து ஊர்ந்து வெகுதூரம் போன பிறகும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை அவன். மச்சான், மச்சான் என்று இவரைத்தான்.

"கொண்டா இஞ்சை" என்றார் சவிரிமுத்தர்.

"அப்பா, உங்களுக்கு அனுமதி இல்லை. பொலிஸுக்குத் தெரிஞ்சால்..."

"கொண்டாடா."

வாங்கினார். கொண்டியை இழுத்துப் பார்த்தார், ரவை இருந்தது, தள்ளிப் பூட்டினார். மரத்தோடு இடத்தோளைச் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். நரி தலையைத் தூக்குமட்டும் பொறுத்தார். காதுக்குக் கீழே. ஒரேயொரு சுள்ளி முறிந்தது. சத்தம் நின்றது.

கொண்டியைத் திரும்ப இழுத்து, பனியில் விழுந்த வெற்று ரவைக் கோதைக் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டார். இயக்கத்தில் இருந்த காலத்தில் சுட்ட கோதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த ரவை. இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் மகன் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு நினைவு வந்தது.

ஜோர்ஜ் ஒரு அடி பின்னால் வைத்தான். அறியாத ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தான்.

ஓட்வார் நாயோடு மூச்சிரைக்க வந்தான். நரியைப் புரட்டிக் காதடியைப் பார்த்தான். துவக்கு இன்னும் கிழவன் கையில். "யார் சுட்டது?"

"நான்" என்றான் ஜோர்ஜ். கண் வெட்டாமல் சொன்னான். "பிறகு அப்பாவிடம் பிடிக்கக் கொடுத்தேன்."

ஓட்வார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல வெடி" என்று மட்டும் சொன்னான்.

நாற்பது வருஷத்துக்கு முன் இவர் பொலிஸ்காரனுக்குச் சொன்ன அதே முகத்தோடு மகன் இன்றைக்குப் பொய் சொல்கிறான். நோர்வேயில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லத் தெரியாமல் மற்றப் பிள்ளைகளிடம் அடிவாங்கிக்கொண்டு வந்த பிள்ளை.

காரில் திரும்பும்போது ஹொல்ம்லியா வெளிச்சங்கள் தெரியுமட்டும் ஜோர்ஜ் ரோட்டையே பார்த்து ஓட்டினான். இயக்கமா, எந்த வருஷம், ஆரைச் சுட்டீர்கள் என்று கேட்பான் என்று சவிரிமுத்தர் காத்திருந்தார். கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவோடு இருந்தார். அவன் கேட்டது வேறு.

"கடையிலை, சின்னதை எடு எண்டு சொன்னியளே. அது காணாது எண்டு தெரிஞ்சுதான் சொன்னியளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பழக்கம்தான்.

"ஓம்" என்றார்.

"ஏன்?"

"பயந்திட்டன்."

"ஆருக்கு?"

"அந்தத் தாடிக்காரனுக்கு. பொலிஸுக்கு. எல்லாருக்கும்."

"எனக்குமோ?"

சவிரிமுத்தர் பைக்குள் கிடந்த வெற்றுக் கோதை விரலால் உருட்டினார். ஜோர்ஜ் காரை ஓரமாக நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்ரேரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நடுவிலை இருக்கிறதைத்தான் எடுக்க இருந்தனான். நீங்கள் சொன்னபடியால்தான் அதை எடுத்தனான். அப்பா முதல்முறையா எனக்கு ஒண்டு சொல்லுறார் எண்டு... அந்த நரி கத்தினதெல்லாம்..."

"தம்பி, பத்மநாதன் எண்டு ஒருத்தன் இருந்தவன். என்னிலும் சின்னவன்..."

"இண்டைக்கு வேண்டாம் அப்பா." சத்தம் போடவில்லை அவன். களைத்த குரலில் சொன்னான். "கேக்கேலாது இண்டைக்கு."

சவிரிமுத்தர் வீட்டு வாசலில் இறங்கினார். அவன் மேலே வரவில்லை.

பொலிஸில் இருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமையாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார், விளம்பரத் தாள்கள்தான். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இவர் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொலிஸ்காரன் கதவில் தட்டினால்கூடப் பரவாயில்லை என்று சவிரிமுத்தருக்குத் தோன்றியது.

மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை, ஜோர்ஜே எடுத்தான். சாப்பிட்டியளோ என்று கேட்கவில்லை.

"கடையிலை கதைச்சனான். அந்தத் துவக்கைத் திருப்பி எடுப்பினமாம். வேறை எடுக்கலாம், புதுசா விண்ணப்பம் போட வேணும்." கொஞ்சம் நிறுத்தினான். "எதை எடுக்கிறது? இந்த முறை உண்மையைச் சொல்லுங்கோ."

சவிரிமுத்தர் கதிரையில் இருந்தார். இருநூற்று இருபத்திரண்டு என்று சொல்ல வேண்டும். அதுதான் சரியான விடை, தாடிக்காரனும் அதைத்தான் சொன்னான். ஆனால் குழல் ஆட ஆட, கண்ணால் தண்ணீர் ஓட, பனிக்குள் நின்ற பிள்ளைதான் அவர் கண்ணுக்குள் நின்றான்.

"ஒண்டையும் எடுக்காதை தம்பி" என்றார்.

மறுபக்கத்தில் ட்ராம் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"இது உண்மையாச் சொல்லுறியளோ, இல்லாட்டிப் பயத்திலை சொல்லுறியளோ? எனக்கு எப்பிடித் தெரியும் அப்பா?"

சவிரிமுத்தர் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.